கணினிப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகள்



மேல்நிலைப் பொதுத்தேர்வின் முடிவு வெளியாகும் மே மாதத்தில், பிள்ளை உள்ள வீடு எதுவாயினும் அங்கே ஒரே பேச்சுத்தான் நடைபெறுகிறது. கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா, வைப்பதென்றால் எந்தப் பெயருள்ள படிப்பில் வைப்பது என்பதே அப்பேச்சு. பெயர்களோ ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக். இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சைபர் செக்யூரிட்டி, பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. என்று பட்டியல் நீளுகிறது. பெயரைக் கண்டு மயங்கி, இருக்கும் நிலத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிய குடும்பங்களும் உண்டு; பெயர் புரியாமல் அஞ்சி, கிடைத்த நல்ல இடத்தைக் கைவிட்ட குடும்பங்களும் உண்டு.

நெசவு அறிந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பாவு ஒன்று; கரை மட்டும் வேறு. மேற்சொன்ன படிப்புகளின் முதல் நான்கு செமஸ்டர்களின் பாடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம், கணிப்பொறியின் உள்ளமைப்பு, இயக்க அமைப்பு, தரவுத்தளம் என்பன முன்பின்னாகவோ கூடக்குறையவோ எல்லாவற்றிலும் இருக்கக் காணலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்க்கு முதற் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் தரவுக் கட்டமைப்பும் தனிநிலைக் கணிதமும் வைக்கப்பட்டன. பட்டத்தின் பெயரில் ஒளிவீசும் சொல் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் வகுப்பறைக்குள் நுழைகிறது. அதற்குள் அடித்தளம் உறுதியாகியிருக்க வேண்டும். இல்லையேல் அச்சொல் மதிப்பெண் பட்டியலில் அச்சாகும், மாணவன் மூளையில் பதியாது.

படிப்புகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்பதன்று. பி.இ., பி.டெக். நான்கு ஆண்டுகள், பி.எஸ்சி., பி.சி.ஏ. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளின் விதிகள் வேறு. மேல்நிலையில் எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால், விண்ணப்பத்திற்கு முன்பே கேட்டறிதல் நலம். 2024-25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ. படிப்பும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே கல்லூரி அக்குழுவின் ஒப்புதல் பெற்றதா என்று பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்குப் பொறியியலில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2021 முதல் உள்ளது. அவ்வாறு பயின்ற மகளிர்க்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆடவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

கடன் வாங்கிப் பெருந்தொகை கொடுத்துப் பெறும் பி.இ. இடத்தைவிட, செய்யாற்றுக்கோ திண்டிவனத்துக்கோ பேருந்தில் சென்று அரசு கலைக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் மூன்றாண்டு அறிவியல் பட்டம் பெற்று, பின் எம்.சி.ஏ. சேர்வது பல குடும்பங்களுக்குத் தக்க வழி. எம்.சி.ஏ. 2020-21 முதல் இரண்டாண்டுப் படிப்பாகச் சுருங்கிவிட்டமையால் மொத்தம் ஐந்தாண்டுகளில் முதுகலைப் பட்டமே கைக்கு வருகிறது. இதனை மதிப்புக் குறைந்த வழியாகக் கருதும் எண்ணம் ஏன் வந்ததோ தெரியவில்லை. கல்யாணப் பேச்சில் பி.இ. என்னும் இரண்டெழுத்துக்கு இருக்கும் விலை அதற்கு ஒரு காரணமாகலாம்.

இனி, இப்படிப்பில் மாணவர் உண்மையில் எதைக் கற்கிறார் என்பதைக் காண்போர் சிலரே. கணிப்பொறியை இயக்கக் கற்கிறார் என்று பாட்டிமார் எண்ணுகின்றனர். மென்பொருள் எழுதக் கற்கிறார் என்று தந்தையர் எண்ணுகின்றனர். இரண்டும் பாதி உண்மை. ஒரு சிறு எடுத்துக்காட்டு இதனை விளக்கும்.

அகர வரிசையில் அடுக்கிய பத்து இலட்சம் பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பெயரைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், தீயூழ் இருப்பின் பத்து இலட்சம் முறை ஒப்பிட நேரும். அகராதி புரட்டும் பெரியவர் அவ்வாறு செய்வதில்லை. நடுவில் பிரிக்கிறார், தேடும் சொல் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பார்க்கிறார், வேண்டாத பாதியை ஒதுக்குகிறார், மிஞ்சிய பாதியை மீண்டும் நடுவில் பிரிக்கிறார். இம்முறையில் பத்து இலட்சம் பெயர்களுக்கு இருபது ஒப்பீடுகள் போதும். பட்டியல் இரு மடங்காகி இருபது இலட்சமானாலும் ஒன்றே ஒன்று கூடி இருபத்தொன்றாகும். இதற்குப் பைனரி சர்ச் என்று பெயர். இருபகுப்புத் தேடல் எனலாம். விரைவான இயந்திரத்தை வாங்கிப் பெற முடியாத விரைவை, அடுக்கி வைக்கும் ஒழுங்கினாலும் தேடும் நெறியினாலும் பெற முடிகிறது என்னும் உண்மை, தரவுக் கட்டமைப்பு என்னும் பாடத்தின் உயிர்நாடி. ஆனால் அடுக்கி வைப்பதற்கும் உழைப்பு உண்டு. ஒரே ஒரு முறை தேடுவதற்காகப் பட்டியல் முழுவதையும் அடுக்குவது வீண் வேலை. நாள்தோறும் ஆயிரம் முறை தேடுவோர்க்கு அதுவே பெரும் ஆதாயம். எப்போது அடுக்குவது, எப்போது விட்டுவிடுவது என்று எடை போட்டுப் பார்க்கும் பழக்கத்தைத்தான் அந்தப் பாடம் ஊட்டுகிறது.

இதிலே இன்னொரு நுட்பம் உள்ளது. நடுவிடத்தைக் காண, தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கணக்கில் அது சரி. கணிப்பொறியிலோ ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் எல்லைக்கு உட்பட்டது. 32 பிட் இடத்தில் குறியுடன் எழுதத்தக்க மிகப் பெரிய முழு எண் 2,147,483,647. பட்டியல் மிகப் பெரிதாகி, கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டினால், ஜாவா போன்ற மொழியில் விடை எதிர்ம எண்ணாக மாறி நிரல் முறிந்துபோகும். ஜாவா மொழியோடு உலகெங்கும் வழங்கப்பட்ட நிரல் தொகுப்பிலேயே இப்பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோசுவா பிளாக் என்பவரே 2006ஆம் ஆண்டில் அதனை வெளிப்படையாக எழுதி அறிவித்தார். திருத்தமும் சிறியதே. இறுதி எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து, அவ்வேறுபாட்டைப் பாதியாக்கித் தொடக்க எண்ணோடு கூட்டினால் எல்லை மீறாது. கணக்குப்படி இரண்டும் ஒன்று. இயந்திரத்தில் இரண்டும் ஒன்றல்ல. தேடலின் நெறி ஒரு பாடம், எண் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பது வேறொரு பாடம். இரண்டையும் இணைத்து எண்ணத் தெரிந்தவரே இப்பிழையைக் காண வல்லவர். முதல் இரண்டு ஆண்டுகளின் வறண்ட பாடங்கள் ஏன் என்று கேட்கும் மாணவர்க்கு இதைவிட நல்ல விடை சொல்வது கடினம்.

தனிநிலைக் கணிதம் என்னும் பாடத்தை மாணவர் பலர் அரியர் வைக்கும் பாடமாகவே அறிவர். பத்துப் பேரில் மூவரை எத்தனை வகையாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது போன்ற வினாக்கள் அதில் வரும், விடை 120. இவ்வகைத் தேர்வு எண்ணிக்கைக்குப் பொது விதியைக் கூறியவருள் ஒன்பதாம் நூற்றாண்டின் சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியர் குறிப்பிடத்தக்கவர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் அவர் இயற்றிய கணிதசார சங்கிரகத்தை, சென்னையில் பணியாற்றிய எம். ரங்காச்சாரியர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்தார். பிள்ளை அப்பாடத்தில் தடுமாறும்போது பாட்டனார் எடுத்துச் சொல்லத் தக்க செய்தி இது; ஆயினும் செய்தி சொன்னால் மட்டும் தேர்ச்சி வாராது, கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

மாணவர் வழுக்கி விழும் இடம் எது என்பதை வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். அது மூன்றாம் ஆண்டுமன்று, வேலைத் தேர்வுமன்று; முதற் செமஸ்டரின் முதல் எட்டு வாரங்கள். தமிழ்வழியில் மேல்நிலை வரை கணினி அறிவியல் படித்து வந்த பிள்ளைக்கு, மாறி, அணி, மடக்கு, செயற்கூறு, இனக்குழு என்னும் சொற்கள் நன்கு தெரியும். பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று முறையாகவே பயின்றிருப்பார். கல்லூரிக்கு வந்ததும் அதே பொருள்கள் வேரியபிள், அர்ரே, லூப், ஃபங்ஷன், கிளாஸ் என்று வேறு வேடம் பூண்டு வருகின்றன. ஆசிரியர் விரைவாகச் சொல்லிச் செல்கிறார். தெரிந்த பொருளையே தெரியாததாக எண்ணிப் பிள்ளை பின் இருக்கையில் ஒதுங்கிக்கொள்கிறது. முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் சரிகிறது. ஆங்கிலத்தின் குறையை அறிவின் குறையாகக் கருதும் மயக்கம் அங்கேதான் பிறக்கிறது.

பின் நிகழ்வது யாவரும் அறிந்ததே. முதற் செமஸ்டரில் இரண்டு அரியர், அடுத்ததில் மேலும் இரண்டு. புதிய பாடமும் பழைய பாடமும் ஒரே மாதத்தில் தேர்வுக்கு நிற்கின்றன. வேலை வழங்க வரும் நிறுவனங்களுள் பல, நிலுவைப் பாடம் உள்ளவரை நேர்காணலுக்கே அழைப்பதில்லை. வீட்டில் சொல்ல அஞ்சி மறைக்கும் பிள்ளைகளும் உளர். விடுதியில் தங்கிப் பயிலும் மகனோ மகளோ தேர்வு முடிவைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் தொலைபேசியை வைத்துவிடுகிறாரெனில், அதைத் திமிர் என்று கொள்வதற்கு முன் சற்றுப் பொறுத்தல் நலம். கோபமற்ற ஒரு குரல் அந்நேரத்தில் கேட்குமாயின், நான்காண்டுப் படிப்பு காக்கப்படலாம்.

இம்மயக்கத்துக்கு மருந்து மிக எளியது. ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லின் எழுத்து வடிவும் ஒலிப்பும், கீழே மூன்று வரியில் ஒரு சிறு நிரல். முப்பது நாற்பது சொற்களுக்குள் முதற் செமஸ்டரின் பெரும்பகுதி அடங்கிவிடும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பழைய பாடநூல்களை எடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருப்பதும் உதவும். கல்லூரியில் புரியாத பகுதியைத் தமிழில் மீண்டும் படித்து, பிறகு ஆங்கில நூலுக்குச் செல்லலாம்.

ஆய்வக வகுப்பைப் பற்றியும் ஒரு சொல். லேபில் செய்ய வேண்டிய நிரலை மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்து எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. முன்பு பார்த்து எழுதவாவது கை வலித்தது; இப்போது வினாவைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவுக் கருவி முழு நிரலையும் நொடியில் தந்துவிடுகிறது. அக்கருவிகளைத் தொடவே கூடாது என்பது நடவாத அறிவுரை. பணியிடங்களில் அவை வந்துவிட்டன. ஆயின் கருவி தந்த நிரலில் மேற்சொன்ன கூட்டல் பிழை போன்ற ஒன்று ஒளிந்திருப்பின், அதைக் காணும் கண் யாருடையது? அக்கண்ணைப் பெறுவதற்குத்தான் ஆய்வகம். இரண்டாம் ஆண்டு முடியும் வரை, நிரலை முதலில் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு மாறியின் மதிப்பு என்னவாகிறது என்று கட்டம் போட்டு நிரப்பிப் பார்த்து, அதன் பின்னரே தட்டச்சு செய்வது என்னும் ஒழுங்கை ஏற்றுக்கொண்ட மாணவர் வைவாவில் திணறுவதில்லை.

தாளில் எழுதுவது பழைய காலத்து முறை என்று இளையோர் நகைக்கக்கூடும். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963ஆம் ஆண்டு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தபோது, இயந்திரம் ஒன்று, பயில விழைவோர் பலர். எனவே இயந்திரத்தை அணுகுமுன் பிழையற எழுதிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. அங்கே பயிற்றுவித்தவருள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், குறைந்த விலையில் அவர் எழுதி வெளியிட்ட நிரலாக்க நூல்கள் நாடெங்கும் பல தலைமுறை மாணவர்க்கு முதல் நூலாயின. அக்காலத்து மொழி ஃபோர்ட்ரான். அது 1957இல் வந்தது. சி 1972இலும், பைத்தான் 1991இலும், ஜாவா 1995இலும் வந்தன. ஃபோர்ட்ரான் மட்டுமே அறிந்தவர்க்கு அடுத்த மொழி அச்சுறுத்தலாக இருந்திருக்கும். இருபகுப்புத் தேடலை அறிந்தவர்க்கு மொழி மாற்றம் எழுத்து மாற்றமாகவே இருந்திருக்கும். இன்று பதினெட்டு வயதில் சேரும் மாணவர் நாற்பதாண்டு காலம் பணியாற்ற வேண்டியவர். அதற்குள் எத்தனை மொழிகள் வந்து போகும் என்று எவர் கணிக்க வல்லார்?

வேலைச் சந்தை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2001இலும் 2008-09இலும் மென்பொருள் துறை சரிந்தது, பின் எழுந்தது. அண்மை ஆண்டுகளிலும் புதியோரைச் சேர்ப்பதில் நிறுவனங்கள் தயங்கியதைப் பலரும் கண்டனர். சேரும் ஆண்டின் நிலையைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தால், முடிக்கும் ஆண்டில் நிலை வேறாக இருக்கும். பிள்ளைக்குக் கணக்கில் ஈடுபாடு உண்டா, விடை வராத கணக்கோடு ஒரு மாலைப் பொழுது அமர்ந்திருக்கும் பொறுமை உண்டா என்று பார்ப்பதே பொருத்தம். அது இல்லாத பிள்ளையை அண்டை வீட்டார் அமெரிக்கா சென்றதைக் காட்டி இப்படிப்பில் சேர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. வணிகவியலும் சட்டமும் வேளாண்மையும் கல்விதான்.

நல்லாசிரியர் வாய்க்காத கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதே என்று வருந்துவோர்க்கு இக்காலத்தில் வழிகள் உள. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் தரவுக் கட்டமைப்பு முதல் இயக்க அமைப்பு வரை முழு விரிவுரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில், ஜே.இ.இ. தேர்வின்றி, நான்கு வாரப் பாடம் பயின்று தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். தேர்வுகளை நேரில் மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். இடையிலே நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்கள் இதனைக் கருதிப் பார்க்கலாம். விரிவுரையைப் பார்ப்பது எளிது, பயிற்சிக் கணக்கைச் செய்வது அரிது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

கணினி அறியாத பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையா எனில், உண்டு. பதினைந்து அட்டைத் துண்டுகளில் ஏறுவரிசையில் எண்களை எழுதிக் கவிழ்த்து வைத்து, நான்கே அட்டைகளைத் திருப்பி வேண்டிய எண் எங்கே உள்ளதென்றோ, இல்லையென்றோ சொல்ல முடியுமா என்று மகளைக் கேட்கலாம். அவள் செய்து காட்டி, நான்கு ஏன் போதும் என்று தாய்க்குப் புரியுமாறு விளக்கிவிட்டாளெனில் பாடம் விளங்கிவிட்டது. விளக்க இயலாமல் ஆங்கிலச் சொற்களை அடுக்கினாளெனில் இன்னும் ஒரு முறை படிக்க வேண்டும். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதைக் காட்டிலும் இக்கேள்வி பயனுடையது.

தேர்வு முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் இடையே பொறியியல் மாணவர்க்கு இரண்டு மூன்று மாதங்கள் வீணே கழிகின்றன. அதே வேளையில், ஊர்தோறும் கணினிப் பட்டம் முடித்தோரும் மூன்றாம் ஆண்டு பயில்வோரும் விடுமுறைக்கு வந்திருக்கின்றனர். வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு கூடம், ஒரு கரும்பலகை, இயன்றால் ஒரு பழைய மடிக்கணினி. எட்டு வாரங்களில் மாறியும் மடக்கும் அணியும் செயற்கூறும் இரு மொழியிலும் பழகிவிடும். முதற் செமஸ்டரின் அச்சம் பாதி நீங்கிவிடும். கற்பிக்கும் மூத்தோர்க்கும் அது நேர்காணலுக்கான சிறந்த ஒத்திகை. இவ்வாண்டுப் பிள்ளைகளின் பெயரையும் சேரும் படிப்பையும் ஜூன் முதல் வாரத்துக்குள் ஒரு தாளில் எழுதித் தொகுப்பார் ஒருவர் முன்வந்தால், தொடங்குவதற்கு வேறெதுவும் தேவையில்லை.